வாழை கப்பலேறியது, விஷம் மண்ணில் தங்கியது

1

எங்கப்பா மருந்தடிச்சிட்டு வர்ற நாள்ல அம்மா அவரை வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. "மொதல்ல போயி வாய்க்கால்ல முங்கிட்டு வா"ன்னு கத்துவாங்க. அப்பாவும் போய் முங்கிவிட்டு, சட்டையையும் அலசிக் கட்டிக்கொண்டு வருவார். அவர் முங்கிய வாய்க்கால்தான் மேலத்தெருவைத் தாண்டி வந்து கடைசியில் எங்கள் தெருவுக்கும் தண்ணீர் தருவது. குடிக்கவும் அதுதான், பொழங்கவும் அதுதான். இது கீழத்தஞ்சையில் எழுபதுகளின் கதை.

பி.எச்.சி. தூளை ஆண்டை வீட்டுக் காரியக்காரர் அளந்து கொடுப்பார். அதைப் பழந்துணியில் மூட்டையாகக் கட்டி, குச்சியால் தட்டித் தட்டி வயல் முழுக்கத் தூவ வேண்டும். கையுறை, முகமூடி என்ற சொற்களே எங்கள் தெருவுக்கு அப்போது வந்து சேரவில்லை. எண்ட்ரின் அடித்த வயலில் மறுநாள் காலையில் கெண்டையும் குரவையும் வெள்ளையாக மிதக்கும். எங்கள் ஆயா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "மருந்து மீனு ஆயா, வேண்டாம்" என்று நான் சொன்னபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நெல்லு ஆண்டைக்கு. மீனாவது நமக்குன்னு மேல வந்திருக்குடா. நல்லா கழுவி மஞ்சப் போட்டா ஒண்ணும் பண்ணாது."

1960-61ல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரமும் மருந்தும் ஆடுதுறை 27 நெல்லும் அந்த வழியில்தான் வந்தன. பசுமைப் புரட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தப் புரட்சியில் மூட்டையைத் தட்டிய கைகள் யாருடையவை என்று எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கப்பாவின் இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருந்தது என்று எந்த அரசாங்கமும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் கணக்கு எந்தக் காகிதத்திலும் ஏறாமலே போய்விட்டார்.

காகிதத்தில் ஏறிய ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். அது கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் என்ற இரண்டு தீவுகளின் கணக்கு. அடிமைகளின் பேரர்களும், நம் பக்கத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகளின் பேரர்களும் ஒரே வாழைத் தோட்டத்தில் ஒரே விஷத்தைத் தின்ற கதை.

2

1848ல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. மறுவருடமே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. நஷ்டஈடு போனது அடிமைகளுக்கல்ல, அடிமைகளை 'இழந்த' முதலாளிகளுக்கு. தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி பட்டவனுக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. நிலம் அதே வெள்ளைக் குடும்பங்களிடம் தங்கியது. மார்த்தினிக்கில் அவர்களை 'பெக்கே' என்பார்கள். அந்த மண்ணில் நிலத்தின் பெரும்பங்கு யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அடிமை முறை ஒழிந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அதே பதில்தான் கிடைத்தது.

விடுதலையான கறுப்பு மக்கள் முதலாளி கொடுத்த கூலிக்குக் கரும்பு வெட்ட மறுத்தார்கள். கூலியை உயர்த்துவதற்குப் பதில் ஆளை மாற்றுவது முதலாளிக்கு எளிது. 1853ல் மார்த்தினிக்குக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதிக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கிய ஏற்றுமதித் துறைமுகங்கள். 1880கள் வரை நடந்த இந்த ஏற்றுமதியில் மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் பேருக்கு மேலும், குவாதலூப்புக்கு 42 ஆயிரம் பேர் வரையும் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முடிந்தால் திரும்பலாம் என்பது பேச்சு. திரும்பாதவர்கள்தான் அதிகம்.

யார் போனார்கள்? கடல் கடந்த தமிழர் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஊரில் நிலமும் சோறும் உள்ளவன் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியிருக்க மாட்டான். பஞ்சத்திலும் பண்ணையடிமைத்தனத்திலும் கிடந்தவர்கள்தான் பெரும்பாலும் போனார்கள். சாட்சி வேண்டுமானால் அவர்கள் கொண்டுபோன சாமிகளைப் பாருங்கள். மாரியம்மன் அங்கே 'மாலியெமின்' ஆனாள். மதுரைவீரன் மார்த்தினிக்கில் 'மால்தேவிதன்' ஆனான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரனைத்தான் அந்த மக்கள் ஏழு கடல் தாண்டித் தூக்கிப் போயிருக்கிறார்கள். மொழி மறந்தது, வீரன் மறக்கவில்லை.

அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது கீழ்ப்படிதான். கறுப்பு மக்களின் கூலியை முறிக்க இறக்கப்பட்டவர்கள் என்பதால் அந்த மக்களின் வெறுப்பும், வெள்ளைக்காரனின் சவுக்கும் சேர்ந்து விழுந்தன. ஒடுக்கப்பட்டவனை வைத்தே ஒடுக்கப்பட்டவனை முறிக்கிற வித்தை நமக்குப் புதிதல்ல. அங்கேயே பிறந்த பிள்ளைகளைக்கூடக் குடிமக்களாக ஏற்க மறுத்தார்கள். குவாதலூப்பில் கப்பஸ்தேர் என்ற ஊரில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904ல் இதற்காக வழக்கில் இறங்கி, 1923 வரை போராடினார்.

அந்தக் கப்பஸ்தேரும், மார்த்தினிக்கின் வடக்கில் உள்ள பாஸ்-புவான்த்தும் கூலிகளின் வாரிசுகள் நிறைந்த ஊர்கள். இரண்டிலும் மாரியம்மனும் மதுரைவீரனும் இருக்கிறார்கள். இரண்டுமே பிறகு வாழைத் தோட்டப் பகுதிகளாயின. விஷம் போய்ப் படிந்ததும் அங்கேதான்.

3

அந்த விஷத்தின் பெயர் குளோர்டெகோன். கடைப் பெயர் கெப்போன். 1950களில் அமெரிக்காவில் பிறந்தது. பத்துக் கரி அணுக்கள் ஒரு கூண்டுபோலப் பூட்டிக்கொண்டிருக்க, சுற்றிலும் பத்துக் குளோரின் அணுக்கள் காவல் நிற்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இந்தக் கூண்டை உடைக்கத் திணறுகின்றன. வெயிலும் மழையும் அதை எளிதில் சிதைப்பதில்லை. டி.டி.டி., ஆல்ட்ரின், எண்ட்ரின் எல்லாம் இதன் பங்காளிகள். 'நிலைத்து நிற்கும் கரிம மாசுகள்' என்று இவற்றுக்குப் பொதுப்பெயர்.

அமெரிக்கா தன் ஊரில் இதை எறும்புப் பொறி, கரப்பான் பொறிக்குள்தான் வைத்தது. உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டு விளைநிலங்களுக்கு ஏற்றுமதியானது. தன் வீட்டில் பொறிக்குள், அடுத்தவன் வீட்டில் சோற்றுக்குள்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில், பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை மாற்றிக் கட்டிய சிறு ஆலையில் 1974 முதல் கெப்போன் செய்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கை நடுங்கியது, கண் நிலைகொள்ளாமல் ஆடியது, விந்தணு குறைந்தது. ஒரு மருத்துவர் தொழிலாளி ஒருவரின் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1975 ஜூலையில் ஆலை மூடப்பட்டது. ஆலைக் கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அது முழுதாக நீங்கப் பல வருடம் ஆனது. 1976ல் அலைட் கெமிக்கல் கம்பெனிக்கு 1 கோடியே 32 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அமெரிக்காவில் கெப்போன் கதை அதோடு முடிந்தது.

1976லேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

4

வாழைக்கு ஒரு எதிரி உண்டு. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு. அதைக் கொல்லக் குளோர்டெகோனை அனுமதிக்கும்படி கேட்டபோது, பிரான்சின் நச்சுப்பொருள் குழு 1968லும் 1969லும் மறுத்தது. விஷம், மண்ணில் நெடுநாள் தங்கும் என்பதே காரணம். 1972ல் அதே பிரெஞ்சு அரசு தற்காலிக அனுமதி கொடுத்தது. தற்காலிகம் என்பது இருபது வருடம் ஓடியது.

5 சதவீத விஷம் கலந்த தூளைக் கையால் அள்ளி ஒவ்வொரு வாழையடியிலும் போடுவது கூலியாட்களின் வேலை. பெண்களும் செய்தார்கள். வாளியில் தூள், வெறுங்கை. இந்தக் காட்சியை நான் முதலில் படித்தபோது எங்கப்பாவின் துணி மூட்டைதான் கண்ணில் வந்தது.

அந்தக் கூலிகள் வாய்மூடிக் கிடக்கவில்லை. 1974ன் தொடக்கத்தில் மார்த்தினிக் வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே, இந்த விஷங்களை நிறுத்து என்றும் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் உடம்பே அவர்களுக்குச் சொல்லிவிட்டது. நிபுணர் குழுவும் நீதிமன்றமும் பின்னால் வந்து கண்டுபிடித்ததை, எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரி 1974லேயே கோரிக்கையாக வைத்திருக்கிறாள். சூழலியல் என்ற சொல்லைப் படித்த வர்க்கம் தன் சொத்தாக வைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு இது பதில்.

அரசாங்கம் தன் பதிலைத் துப்பாக்கியால் சொன்னது. பிப்ரவரி 14 அன்று பாஸ்-புவான்த் பக்கம் ஷால்வே என்ற தோட்டத்தில் போலீஸ் சுட்டது. ரெனோர் இல்மனி என்ற தொழிலாளி செத்தார். இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் மரி-லூயி என்ற 19 வயதுப் பையனின் உடல் கடற்கரையில் கிடந்தது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25ல் 44 பேரை எரித்தவர்களும் கூலி உயர்வுக் கோரிக்கைக்குத்தான் நெருப்பால் பதில் சொன்னார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நெருப்பு வைத்தது ஆண்டை, சுட்டது அரசாங்கம். ஆனால் கூலி கேட்டவனுக்குக் கிடைத்த மரியாதை ஒன்றுதான்.

கோரிக்கை புதைக்கப்பட்டது, தூள் தொடர்ந்து விழுந்தது. 1977லும் 1980 வாக்கிலும் பிரெஞ்சு அரசின் சொந்த வேளாண் ஆய்வாளர்களே மண்ணிலும் நீரிலும் உயிரினங்களிலும் விஷம் சேர்வதாக எழுதிக் கொடுத்தார்கள். 1979ல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடிய பொருள் என்று இதை வகைப்படுத்தியது. அமெரிக்காவில் ஆலை மூடிவிட்டதே, சரக்கு ஏது? தீவிலிருந்த வியாபாரிகளே உரிமையைப் பெற்று, பிரேசிலில் செய்யவைத்து, பிரான்சில் தூளாக்கிக் கொண்டுவந்தார்கள். 1979, 1980 புயல்களில் வாழை சாய்ந்து வண்டு பெருகியது என்ற காரணம் கையில் கிடைத்தது. 1981ல் 'குர்லோன்' என்ற புதுப்பெயரில் மறுபடி அனுமதி. 1990ல் அனுமதி ரத்தானது. அப்போதும் தோட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டதற்காக 1993 செப்டம்பர் வரை விலக்கு. மொத்தம் சுமார் 300 டன் தூய விஷம் அந்தச் சின்னத் தீவுகளின் மண்ணில் இறங்கியது.

5

இனி மண் விஷயத்துக்கு வருவோம். படிக்கிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இந்தத் தீவுகளின் வாழைப் பகுதிகள் எரிமலையால் ஆனவை. எரிமலைச் சாம்பலிலிருந்து பிறந்த களிமண்ணின் நுண்ணிய பொந்துகளில் குளோர்டெகோன் போய் ஒட்டிக்கொள்ளும். மழை வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஓடைக்கும் கடலுக்கும் போகும். 2009ல் வெளியான ஓர் ஆய்வு, மண்ணின் வகையைப் பொறுத்து 60 வருடம் முதல் 700 வருடம் வரை விஷம் தங்கும் என்று கணக்கிட்டது. பிறகு வந்த ஆய்வு சில பத்தாண்டுகள் போதும் என்கிறது. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும், தூளைப் போட்டவனின் பேரன்வரை அது காத்திருக்கும்.

வாழைக்காய் உயரத்தில் தொங்குகிறது. மண்ணிலிருக்கும் விஷம் பழத்துக்கு ஏறுவது மிகமிகக் குறைவு. ஆகவே ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வாழைப்பழம் சுத்தம். விஷம் ஏறுவது மண்ணுக்குள் விளைவதில்: சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளி. மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையில், புல்லோடு மண்ணையும் சேர்த்து மேயும் மாட்டின் கொழுப்பில், ஆற்று இறாலில், கடலோர மீனில். அதாவது ஏழையின் கொல்லையில், ஏழையின் தூண்டிலில், ஏழையின் சட்டியில். ஏற்றுமதிப் பண்டம் சுத்தம், அதை விளைவித்தவன் சாப்பாடு விஷம். இதற்கு மேல் காலனியத்துக்கு விளக்கம் தேவையில்லை.

1999ல் இரண்டு தீவுகளிலும் குடிநீர் ஊற்றுகளில் விஷம் இருப்பது தெரிந்தது. 2002ல் மார்த்தினிக்கிலிருந்து போன ஒன்றரை டன் சர்க்கரைவள்ளியைப் பிரான்சின் டங்கர்க் துறைமுகத்தில் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் வாய்க்குப் போகவிருந்த கிழங்கில் அகப்பட்ட பிறகுதான் சேதி பெரிதானது. 2003லிருந்து கிழங்கு நடுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. பல ஆறுகளிலும் கரையோரக் கடலிலும் மீன்பிடிக்கத் தடை. தடை மீனவனுக்கு, தோட்டக்காரனுக்கு அல்ல.

2013-14ல் எடுத்த சோதனையில் பெரியவர்களில் மார்த்தினிக்கில் 92 சதவீதம், குவாதலூப்பில் 95 சதவீதம் பேர் இரத்தத்தில் குளோர்டெகோன் இருந்தது. 2010ல் வெளியான குவாதலூப் ஆய்வு, இரத்தத்தில் இந்த விஷம் கூடக்கூட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயமும் கூடுவதைக் காட்டியது. அந்தப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் இவ்விரு தீவுகளும் அடங்கும். தாய் இரத்தத்தில் விஷம் கூடினால் குறைமாதப் பிரசவம் கூடுவதை இன்னொரு ஆய்வு சொன்னது.

நம்பிக்கைக்கு ஒரு சேதி உண்டு. மண்ணைப் போல மனித உடம்பு இந்த விஷத்தைக் கட்டிப் பிடித்து வைப்பதில்லை. சுத்தமான சோறு தின்றால் இரத்தத்திலுள்ள அளவு ஐந்தாறு மாதத்தில் பாதியாகிவிடும். ஹோப்வெல் தொழிலாளர்களிடம் பார்த்தது இது. தினந்தினம் தின்பதால்தான் தினந்தினம் இருக்கிறது. மருந்து என்றால் சுத்தமான சோறுதான். அதிகாரிகள் மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள்: விஷ மண் கொல்லையில் விளைந்த கிழங்கை வாரம் இரண்டு முறைக்கு மேல் தின்னாதே, தோலைத் தடிமனாகச் சீவு, மண் சோதித்த கிழங்கைக் கடையில் வாங்கு. வாங்கக் காசு? அதை யாரும் சொல்லவில்லை. கொல்லைக் கிழங்கு தின்பவன் ருசிக்காகவா தின்கிறான்? ஆயா மருந்து மீனைக் கழுவியதும் ருசிக்காக அல்ல.

6

2006ல் குவாதலூப்பிலும் மறுவருடம் மார்த்தினிக்கிலும் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2018ல் தீவுக்கு வந்த பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் இதைச் சூழல் ஊழல் என்று ஒத்துக்கொண்டார். 2019ல் பாராளுமன்ற விசாரணைக் குழு முதல் பொறுப்பு அரசுடையது என்று எழுதியது. 2021ல் பூச்சிமருந்து கையாண்ட தொழிலாளிக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் தொழில்நோய் என ஏற்கப்பட்டது. அதே வருடம் பிப்ரவரியில், வழக்கு காலாவதியாகிவிடும் என்ற பேச்சு வந்தபோது ஃபோர்-த-பிரான்சு நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் விசாரணை நீதிபதிகள் இது சுகாதார ஊழல்தான் என்று எழுதிவிட்டு, யார்மீதும் குற்றம் சாட்ட வழியில்லை, காலம் கடந்துவிட்டது என்று கோப்பை மூடினார்கள். 2025 மார்ச்சில் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் தவறை ஏற்று, மனக்கவலைக்கு ஈடு தரச் சொன்னது. வழக்குப் போட்ட கிட்டத்தட்ட 1,300 பேரில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது.

மண்ணில் காலாவதியாகாத விஷம், சட்டப் புத்தகத்தில் காலாவதியாகிவிட்டது. நமக்கு இந்த அனுபவம் இருக்கிறது. வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்ததை மறந்தவர் யாரும் இந்தப் பக்கங்களைப் படிக்க மாட்டார்கள்.

7

இந்தியாவில் எண்ட்ரின் 1990ல் தடையானது. விவசாயத்துக்கு டி.டி.டி. 1989லும், பி.எச்.சி. 1997லும் நிறுத்தப்பட்டன. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபானை 2011ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அந்தக் குழந்தைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளோர்டெகோன் 2009ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது.

நம் வயல் கதை கொஞ்சம் வேறு. சிதம்பரம் பக்கம் வெள்ளாற்று வட்டாரத்தில் 1980களின் கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சோதித்தபோது, நெல்வயலில் போட்ட பி.எச்.சி.யில் பெரும்பகுதி நம் வெக்கையில் காற்றில் ஏறிவிடுவதைப் பார்த்தார்கள். மண்ணில் மிச்சம் குறைவு. எரிமலை மண் பிடித்துவைத்ததை நம் சேற்று மண் காற்றுக்கு விட்டது. அந்தக் காற்றை முதலில் மூச்சிழுத்தது மூட்டையைத் தட்டியவன். மிதந்த மீனைத் தின்றது அவன் பிள்ளைகள்.

இன்று இயற்கை விவசாயம் பேசுகிற மேடைகள் கூடிவிட்டன. பாரம்பரியம், தாத்தன் காலத்து மண் வளம் என்கிறார்கள். விஷமில்லாச் சோறு வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் தாத்தன் காலத்து மண் யாருடைய தாத்தனுக்குச் சொந்தமாக இருந்தது என்ற கேள்வியைக் கேட்டால் மேடை அமைதியாகிவிடுகிறது. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் சொல்லும் பாடம் இதுதான்: நிலம் எவனிடமோ அவன்தான் எந்த விஷம் போடுவது என்று தீர்மானிக்கிறான். நிலமில்லாதவன் அதைக் கையால் அள்ளுகிறான், வாயால் தின்கிறான். நிலத்தின் கேள்வியை விட்டுவிட்டுச் சோற்றின் சுத்தத்தை மட்டும் பேசினால், சுத்தமான சோறு மறுபடியும் ஆண்டை வீட்டுக்கே போய்ச் சேரும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் மருந்தடித்த கைகள் இன்னும் சில இருக்கும். போய் உட்காருங்கள். எந்த வருடம், எந்த மருந்து, யார் வயல், அளந்து கொடுத்தது யார், அடித்துவிட்டு என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மார்த்தினிக் தோட்டக் கூலிகள் 1974லேயே கேட்டது எழுத்தில் இருந்ததால்தான், 'அப்போது யாருக்கும் தெரியாது' என்று எவனும் சொல்ல முடியவில்லை.

அப்பா செத்து வருடங்கள் ஆகிவிட்டன. கடைசிக் காலத்தில் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தம்ளரைப் பிடிக்க முடியாது, அம்மாதான் வாயில் ஊற்றுவாங்க. வயசாயிட்டா அப்படித்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவரிடம் யாரும் என்ன வேலை பார்த்தீர்கள் பெரியவரே என்று கேட்கவில்லை.